டப்பா மாமாவின் அலமாரியில் என் பெயர்

கல்கத்தாத் தமிழர்களுக்கு மாற்றல் உத்தரவு தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறது என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். அது லேக் மார்க்கெட்டில், எங்களுக்கு மேல்மாடியில், டப்பா மாமா வீட்டு அலமாரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மாமாவின் தொழில் சிடி டப்பாக்களை வடிவமைப்பது. முன்னட்டை, பின்னட்டை, அலமாரியில் நிறுத்தினால் தெரிகிற ஒல்லி முதுகில் பெயர். சிடி கேட்க ஆளில்லாமல் போன பிறகும் மனுஷர் நிறுத்தவில்லை. ஊரைவிட்டுப் போகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு டப்பா செய்து ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து கொடுப்பார். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

"சிடி எங்கே மாமா?"

"போட்டுக் கேக்க உங்காத்துல மிஷின் இருக்கா? அப்புறம் என்ன!"

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உத்தரவு வருவதற்கு முன்பே டப்பா தயாராகிவிடும் என்பதுதான் பொறுக்க முடியாதது. அட்டையில் அந்தக் குடும்பத்தின் ஹால், சாமான்கள் போன பிறகு எப்படி இருக்குமோ அப்படியே வரைந்திருக்கும். காலண்டர் தொங்கிய ஆணிகூடத் தப்பாது. முதுகில் பெயர் ஏறினால், மாதம் திரும்புவதற்குள் வாசலில் லாரி. துறைமுக அதிகாரி ஒருவர் மாமாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடுவார். சென்னைக்கு மாற்றல் கேட்டு அலுத்த இன்னொருவரோ மிஷ்டி தொய் என்கிற இனிப்புத் தயிரும் கையுமாக வந்து நிற்பார். "உங்க ஹால் இன்னும் கண்ணுக்கு வரலையே" என்று தயிரை மட்டும் வாங்கிக்கொள்வார் மாமா.

"என்னை மட்டும் எவனும் இந்த ஊர்லேர்ந்து அசைக்க முடியாது. நானே முதலாளி" என்று சிரிப்பார்.

என்னை மாற்ற வேண்டும் என்பதையே நான் வேலை பார்த்த பாங்க் மறந்து போயிருந்தது. ஞாபகப்படுத்துவானேன் என்று நான் லீவுகூடப் போடுவதில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். "இப்போ ஸ்கூலை மாத்தினா பரீட்சையே எழுத மாட்டேன் பாபா" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண்.

சித்திரை பிறந்த அன்று மாமாவுக்குப் பாயசம் கொண்டுபோனேன். அலமாரியில் ஒரு முதுகில் என் பெயர்.

பாயசத்தை அவரிடம் நீட்டிவிட்டு அதை எடுத்தேன். எங்கள் ஹால், காலியாக. சுவரில் மகள் குழந்தையாயிருந்தபோது கிறுக்கிய மீன். அதை மறைக்கத்தான் பீரோவையே அங்கே நகர்த்தினோம். மாமா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமா போகும், இதை அழிச்சிடுங்க. பொண்ணு படிப்பு!"

"ஏறின பேரை அழிக்க முடியாதுப்பா. அந்த இடத்துல வேற ஒருத்தர் நிக்கணும்."

"யார் நிப்பா?"

மாமா பாயசத்தை வழித்துக் குடித்தார்.

அந்த வருஷ மாற்றல்களில் என் பெயர் இல்லை. ஆனால் மாமாவின் மகன் பெங்களூரிலிருந்து திடீரென்று வந்து நின்றான். "அப்பா இனிமே தனியா இருக்க வேண்டாம்." இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர் சரியென்று கிளம்பினார். ஸ்டேஷனில் என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். முதுகில் அவர் பெயர். அட்டையில் காலியான அவர் ஹால்.

வீட்டுக்கு வந்து, சிடி உட்காரும் கறுப்புத் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். அவர் அட்டைக்கு அடியில், குப்புறக் கவிழ்ந்தபடி, என் பெயரோடு எங்கள் ஹால்.

மகள் பாஸானதும் மாமாவுக்குப் போன் செய்தேன்.

"முதுகு வெளியில தெரியற மாதிரிதானே வச்சிருக்கே?" என்றார் முதல் கேள்வியாக.

"உங்க பேர்தான் தெரியறது மாமா."

"பத்திரம். எடுத்து மாத்திடாதே."

யாரையும் அதைத் தொட விடுவதில்லை. நானே தூசி துடைக்கிறேன். ஆனால் மேல்மாடிக்கு மாமா திரும்பி வருவாரென்றால், என் பெயர் வெளியில் தெரிகிற மாதிரி அட்டையை நாளைக்கே மாற்றி வைத்துவிட்டு மூட்டை கட்ட நான் தயார்.