தட்டு மாமாவின் கேள்வி கேட்கும் பெட்டி

இலங்கைக்கு எதிர்காலம் கொழும்பு வழியாகத்தான் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அது கல்முனை பஸ்ஸில், ஒரு மத்தியான வெயிலில், தேற்றாத்தீவில் வந்து இறங்கியது. அதைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கியவர் தட்டு மாமா. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் போனில் விரலை வைத்துத் தேய்த்துச் செய்கிற வித்தை அத்தனையையும் அவர் அன்றைக்கே செய்து காட்டினார். பார்க்கத்தான் ஆள் இல்லை.

மாமா கட்டாரில் மின்வேலை செய்து திரும்பியவர். போகும்போது மனைவி பூமணி மாமிக்கு ஒரு தையல் மெசின் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாமி அதை நம்பி, ஊரில் பாதிப்பேரிடம் சட்டைத்துணி வாங்கி அடுக்கி வைத்திருந்தார். பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு கறுப்புச் சாமான், கூடவே கண்ணாடி போல மின்னும் மூன்று தட்டுகள். மாமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில எவடத்த ஊசி கோக்கிற?" என்று கேட்டார்.

"இது அதைவிடப் பெரிய சாமான் பூமணி. டிவியில கொழுவினா நம்மளக் கேள்வி கேக்கும். நாம சொல்ற மாதிரி நடக்கும்."

"கேள்வி கேக்க நான் இரிக்கன். அதுக்கு ஒரு பெட்டி எதுக்கு?"

மாமி மாமாவோடு நேரடியாகப் பேசுவது அதோடு நின்றது. பிறகு மாமா காத்தான்குடிக்குப் போய் யாரோ பாவித்த தையல் மெசின் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். சட்டைகள் எல்லாம் தைத்து முடிந்தன. மெசின் வந்ததே தவிர, பேச்சு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. ஆகவே, பெட்டி தன் வீட்டு மண்டபத்தில் இருக்கக்கூடாது என்று மாமி தீர்ப்புச் சொன்னதும் மாமாவுக்கு அப்பீல் இல்லை. மாமியின் ஆட்சிக்குள் வராத இடம் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்து அறை. அதில் நான் வாடகைக்கு இருந்தேன். களுவாஞ்சிகுடியில் ஒரு கந்தோரில் அப்போதுதான் கிளாக்காகச் சேர்ந்திருந்தேன். பெட்டியும் டிவியும் என் அறைக்குக் குடிவந்தன. என் பாய் அலுமாரிக்குப் பின்னால் போனது.

அதோடு எனக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் மாமா உட்கார்ந்திருக்க, மாமி என்னைப் பார்த்து, "தம்பி, அவரிட்டச் சொல்லுங்க, சோறு போட்டிரிக்கி" என்பார். நான் சொல்வேன். மாமா என்னைப் பார்த்து, "மனே, மாமியிட்டச் சொல்லு, உப்புக் கொஞ்சம் குறைவு" என்பார். அதையும் சொல்வேன். சம்பளமில்லாத வேலை. ஆனால் லீவு கிடையாது.

பெட்டியைப் பார்க்க முதலில் ஊரே வந்தது. வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். படம் ஓடுமா? ஓடும், ஆனால் அதற்கு இன்னொரு சாமான் வாங்கி உள்ளே பூட்ட வேண்டும் என்று மாமா உண்மையைச் சொல்லிவிடுவார். பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். மிச்சப்பேருக்கு, படத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பழைய காலம், இனிமேல் படம் நம்மைக் கேட்டுத்தான் நடக்கும் என்று விளக்கம் கொடுப்பார். மிச்சப்பேரும் போய்விடுவார்கள்.

ஒருமுறை ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது தட்டில் சீமை ஓவியங்கள் நிறைந்த ஒரு பெரிய கூடம் இருந்தது. எந்த ஓவியத்துக்கு முன்னால் நிற்பது என்பதை நாம் தெரிவுசெய்யலாம். சபையில் பெரியவர்கள் எல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, மாமா தெரிவுசெய்த ஓவியத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி உடுதுணி இல்லாமல் படுத்திருந்தாள். மாமா பதறிப்போய் அடுத்த படத்துக்குப் போக ரிமோட்டை அழுத்தினார். அது பெரிதாக்கும் பொத்தான். அன்றைக்குப் பந்தியில் மாமாவுக்குப் பாயசம் வரவில்லை.

அவருக்குப் பிடித்த தட்டு மூன்றாவது. கோல்ஃப் விளையாட்டு. கோல்ஃப் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. படுவான்கரையில் வேளாண்மை செய்கிற ஒரு போடியார் வந்து, திரையில் விரிந்து கிடந்த பச்சையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு பெரிய வட்டை. ஏன் மனே ஒருத்தரும் விதைக்கல்ல?"

அது புல்லுத்தான், விளையாடுவதற்காக வளர்த்தது என்று மாமா சொன்னதைப் போடியார் நம்பவில்லை. புல்லுக்கு யார் இப்படித் தண்ணீர் கட்டுவார்கள்? குழிக்குக் குழி நட்டிருந்த கொடிகளைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. எல்லைத் தகராறு, வழக்கு நடக்கிறது, அதனால்தான் காணி சும்மா கிடக்கிறது என்று முடிவுகட்டி, திரையில் தடியோடு நின்ற தொப்பிக்காரனுக்காக மனம் நொந்துகொண்டே போனார்.

இப்படி ஊர் கைவிட்ட பிறகுதான் அந்த விசயம் நடந்தது. ஒருநாள் மத்தியானம் மாமா வெளியே போய்த் திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அவர் வைத்துவிட்டுப் போனது ஓவியத் தட்டு. உள்ளே இருந்ததோ கோல்ஃப். பின்னேரம் நான் வந்ததும், கந்தோருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒளித்திருந்து விளையாடுகிறேனா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் கோயில் பக்கம் திரும்பி நின்று சத்தியம் செய்தும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனோம், சேர்ந்தே திரும்பினோம். பெட்டி கொதித்தது. குசினியில் மாமி தேவைக்கு மேல் சத்தமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் மீன்கறி அடிப்பிடித்திருந்தது. மாமியின் கை பட்ட கறி அதற்கு முன்னால் ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. மாமா ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். குசினியைப் பார்த்தார். முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு, கருகிய கறியை வழித்து வழித்துச் சாப்பிட்டார்.

"மனே, மாமியிட்டச் சொல்லு, இண்டைக்குக் கறி திறம்."

அதன்பிறகு மாமா அடிக்கடி மட்டக்களப்புக்குப் போகத் தொடங்கினார். போகுமுன், பின்னேரம்தான் திரும்புவேன் என்று மாமியிடம் சொல்லும்படி, ஊருக்கே கேட்கிற சத்தத்தில் என்னிடம் சொல்வார். ஒருநாள் நான் கந்தோரிலிருந்து வெள்ளெனப் புறப்பட்டு வரும்போது, அவர் ஆற்றங்கரை மதகில் தனியாக உட்கார்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பாவது மண்ணாங்கட்டியாவது. வீட்டுக்குப் போகலாமே என்றேன்.

"கொஞ்சம் இரி மனே. அவ விளையாடட்டும்."

மாமியிடம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் என்ன என்று கேட்டேன். காட்டினால் ரோசத்தில் அதையும் விட்டுவிடுவாள், அப்புறம் பேச ஒரு வழியும் இருக்காது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மனிதர் எவ்வளவு தவித்துப்போயிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு பௌர்ணமி, போயா லீவு நாள். காலையில் மாமா என் அறையில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். மாமாவின் ஆட்டம் மோசம். பந்து திரும்பத் திரும்பத் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. மாமி ஈரக்கையைத் துடைத்தபடி நின்றார். திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் குளத்துக்கு அங்கால எனக்கும் போக ஏலாமக் கிடக்கு. எந்தத் தடியால அடிக்கிற?"

நான் பழக்கதோசத்தில் வாயைத் திறந்தேன். "மாமா, மாமி கேக்கிறா..."

மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எனக்குக் கேட்டது மனே."

பிறகு மாமியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எனக்கும் தெரியா பூமணி. வா, ரெண்டு பேரும் அடிச்சிப் பாப்பம்." சொல்லிக்கொண்டே பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

என் உத்தியோகம் அந்த நிமிடமே பறிபோனது. நான் தலையணையை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்குப் போய்ப் படுத்தேன். தூங்க விடவில்லை. பெரிய தடியா சின்னத் தடியா என்று உள்ளே இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு இனிமையான சண்டையை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.