விடியல் விரும்பியின் ஒற்றை நட்சத்திரம்

கார் ஓய்ந்து கூதிர் புகுந்திருந்தது. பொழிந்து முடித்த மேகங்கள் கலைய மனமின்றி, விடைபெறத் தயங்கும் விருந்தினர்போல் வானில் தங்கியிருந்தன. கதிரவன் எழுந்ததும் தெரியவில்லை. எழுந்தானா என்பதும் தெரியவில்லை. மரங்கள் ஈரம் சொட்ட, உலகமே கண்மூடித் துதிப்பதுபோல் அடங்கிக் கிடந்த அந்தக் காலையில், நான்காம் மாடி அலுவலகம் ஒன்றில் ஒருவன் "அடப்பாவி" என்றான்.

அவன் செயலி உருவாக்குபவன். 'வைகறை' என்பது அவனுடைய இரண்டாண்டு உழைப்பு. விடியலில் மணியடித்து எழுப்பி, துதிப்பாட்டு ஒன்றைத் திரையில் காட்டும், அவ்வளவே. அதற்கு 'விடியல் விரும்பி' என்ற பெயரில் யாரோ ஒற்றை நட்சத்திரம் இட்டு, கீழே எழுதியிருந்தார்: "மணியா இது, இடி. நெஞ்சு நின்றுவிட்டது."

செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் அக்கா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நின்ன நெஞ்சோட எவ்வளவு தெளிவா டைப் பண்ணியிருக்காங்க பாரு. விட்டுத் தள்ளுப்பா."

அவன் விடவில்லை. ஐந்தே நிமிடத்தில் பதில் இட்டான்: "மதிப்பிற்குரிய பயனாளரே, தங்கள் மனம் நொந்தமைக்கு வருந்துகிறோம்." அப்போது கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. வேலை நேரம் என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மணியோசையைப் பாதியாகக் குறைத்தான்.

மறுநாள் பலர் எழவே இல்லை. ஒருவர் ரயிலைத் தவறவிட்டார். இன்னொருவர் தம் திருமணத்துக்கே தாமதமாகப் போனார். இருவரும் விரிவாக எழுதியிருந்தார்கள். விடியல் விரும்பியோ தம் விமர்சனத்தை மட்டும் திருத்தியிருந்தார்: "மணி பரவாயில்லை. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது." நட்சத்திரம் அதே ஒன்று.

எழுத்தைப் பெரிதாக்கினான். இறைவனின் பெயர் திரைக்குள் அடங்காமல் பாதியில் நின்றது. "கடவுளை முழுசா காட்டுங்க" என்று ஒருவர் கேட்டிருந்தார். விடியல் விரும்பி அசரவில்லை: "எழுப்பினால் போதுமா? எழுந்தவர் சாப்பிட்டாரா என்று கேட்க நாதி இல்லை."

"இதுக்குமா திருத்தம் பண்ணப் போற?" என்றாள் அக்கா.

"அக்கறையாத்தானே கேக்கறார், அக்கா."

"காலைல அஞ்சு மணிக்கு எவன் சாப்பிடுவான்?"

அவன் கேட்கவில்லை. 'சாப்பிட்டீர்களா?' என்று ஒரு கேள்வியை வைத்து, 'ஆம்' என்று அழுத்தும்வரை மணி ஓயாதபடி செய்தான். அடுத்த வைகறையில் பல்லாயிரம் பேர் பல்கூடத் துலக்காமல் பொய் சொன்னார்கள்.

பகலில் நிறுவனத் தலைவர் அவன் மேசைக்கே வந்துவிட்டார்.

"வைகறையைத் தேடினா முதல்ல அந்த ஒத்த நட்சத்திரம்தான் நிக்குது. முன்னூறு பேர் அதுக்கு ஆமா போட்டிருக்கான். இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள அது மாறணும். இல்லேன்னா மூடிடலாம்."

"சார், ரெண்டு வருஷ உழைப்பு..."

"நானும் இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பொய் சொன்னவன்தான்ப்பா."

அவர் போனதும் அவன் எழுதினான்: "மதிப்பிற்குரிய பயனாளரே, எங்கள் மின்னஞ்சலுக்குத் தங்கள் எண்ணை அனுப்பினால் நானே பேசுகிறேன்."

பொழுது சாயும் வேளையில் எண் வந்தது. கவிழ்ந்து கிடந்த கைப்பேசியை நிமிர்த்தினான். எடுக்காத அழைப்புகள் பதினான்கு, எல்லாம் அம்மாவுடையவை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவற்றைத் தள்ளிவிட்டு, வந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினான். கடைசி இலக்கத்தில் திரை தானாகவே ஒரு பெயரைக் காட்டியது.

அம்மா.

அழைத்தான். எடுத்தவர் அப்பா.

"அப்பா... அந்த விமர்சனம்..."

"அவ சொல்லச் சொல்ல நான்தான்டா டைப் பண்ணினேன். தப்பு எதுவும் இல்லையே?"

"பெத்த பிள்ளைக்கு ஒத்த நட்சத்திரமாப்பா?"

"மூணு மாசமா அஞ்சுதான் போட்டிருந்தா. நீ எட்டிக்கூடப் பாக்கல, போனும் எடுக்கல. ஒண்ணு போட்டதும் அஞ்சே நிமிஷத்துல 'மதிப்பிற்குரிய'ன்னு வந்து நிக்கிற. இப்ப மாத்தச் சொன்னா மாத்திடுவா. மாத்தினா மறுபடி காணாமப் போயிடுவியே, அதான் யோசிக்கிறா."

மறுமுனையில், விளக்கின் முன்னின்று அம்மா துதிப்பாட்டின் கடைசி அடியை மெல்லச் சொல்லி முடிப்பது கேட்டது. நான்காம் மாடியில் அவன் எழுந்து நின்று, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரு கையும் குவித்தான்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

அன்று அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அதுதான்.

"போய்ச் சாப்பிடு, கண்ணு. நூறு வருஷம் நல்லா இரு."