இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கடலோரம்

சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்த வரைபடத்தில் யாரோ சிவப்புப் பேனாவால் ஏழு இடங்களில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரெஸ்தே கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஒரு வட்டத்தின் பக்கத்தில் 'மீன் நல்லா இருக்கும்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'கழிப்பறை சுத்தம்'. கையெழுத்து மச்சான் லெயார்க்கோவுடையது.

"இவானா, உன் தம்பிக்கு யார் சொன்னது?"

கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பவில்லை. "எதை?"

"நாம ரெண்டு பேரும் பைக்குல போறதை. இந்த வீட்டுச் சுவத்தைத் தவிர வேற யாருக்கும் நான் சொல்லல."

"எனக்கென்ன தெரியும். சுவத்தைக் கேளுங்க."

ஒரெஸ்தே ஓட்டுத் தொழிற்சாலையில் சூளைக்காரர். ஆகஸ்டில் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். எங்கள் ஃபயென்ஸா ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். இருபத்திரண்டு ஆகஸ்டாக அவர் செர்வியா கடற்கரையில் மூன்றாம் வரிசை, நாற்பத்தேழாம் எண் வாடகைக் குடையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தாறில் லெயார்க்கோ. நாற்பத்தெட்டில் குவால்தியேரோவும் அவர் மனைவி வாண்டாவும். ஆட்சி மாறும், குடை மாறாது. ஒருவன் குடையை விட்டுக்கொடுத்தால் அவன் செத்துப்போய்விட்டான் என்று பக்கத்துக் குடைக்காரர்கள் மலர்வளையம் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வருஷம் ஒரெஸ்தே உயிரோடு இருந்துகொண்டே விட்டுக்கொடுத்தார். காரணம் வலது முட்டி. "இந்த ஒரு கோடை ஓட்டிக்கோங்க. அப்புறம் வண்டியை வித்துடுங்க" என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் இவானாவிடம் சொல்லி வைத்தது ஒன்று இருந்தது: அங்கோனா, பெஸ்காரா, பாரி என்று ஊர் ஊராகத் தங்கி, இடப்பக்கம் கடலை வைத்துக்கொண்டு, பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகால் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவது. முன்னால் அவர், பின்னால் அவள், வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை.

தான் கோபக்காரன் என்று ஒரெஸ்தே ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. உலகத்தில் அத்தனை பேரும் தப்புத் தப்பாகவே செய்துகொண்டிருந்தால் அதற்கு அவர் என்ன பண்ணுவார், நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலமே லெயார்க்கோ வந்தான், தலைக்கவசத்தோடு.

"அத்தான், நானும் வர்றேன்."

"உன்னை யார்றா கூப்பிட்டா?"

"குடும்பம்னா கூப்பிடணுமா?" என்று சொல்லிவிட்டு லெயார்க்கோ ஏனோ ஒரு பெருமூச்சு விட்டான்.

"உன் ஸ்கூட்டர் மேட்டுல ஏறுமாடா? போன வருஷம் கல்லறைத் தோட்டத்து மேட்டுல இறங்கித் தள்ளினியே."

"அந்தப் பக்கம் கரையோரம் சமதளம்தானே அத்தான்."

அதில்தான் ஒரெஸ்தேவுக்குப் பொறி தட்டியது. இரவோடு இரவாக என்றுகூட இல்லை, அவன் படி இறங்குவதற்குள் வழியை மாற்றிவிட்டார். கிழக்குக் கரை வேண்டாம், மேற்குக் கரை. மலை தாண்டி ஃபுளோரன்ஸ், லிவோர்னோ, ஜெனோவா, அங்கிருந்து பாறையைக் குடைந்து போட்ட கடலோரச் சாலை. அத்தனையும் மேடு, அத்தனையும் வளைவு. ஸ்கூட்டர் செத்தது.

இந்த முறை அவர் எச்சரிக்கையாக இருந்தார். வண்டிக் கொட்டகைக்கு இவானாவைக் கூட்டிக்கொண்டு போய், இஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அவள் காதில் சொன்னார்.

மூன்றாம் நாள் குவால்தியேரோ போன் செய்தார். "தம்பி, ஜெனோவா பக்கம் போறியாமே. வழியில ஸ்பெத்ஸியாவுல என் பெரியப்பா மகன் இருக்கான். ஆகஸ்ட் பதினஞ்சு மாதா பெருநாள் சாப்பாட்டுக்கு அவன் எட்டுப் பேருக்கு மேசை சொல்லிட்டான்."

"எட்டுப் பேரா? எந்த எட்டு?"

"நீ, நான், வாண்டா, லெயார்க்கோ... அப்புறம் குடை வரிசையில இருக்கற மத்தவங்க. லெயார்க்கோ யார்கிட்டயோ பெரிய வண்டி இரவல் வாங்கிட்டான் தெரியுமா?"

"அண்ணே, உங்களுக்கு இடுப்புல நரம்பு வலி. நாற்காலியில உக்காந்தாலே முகம் கோணுது. நீங்க எதுக்கு பைக்குல?"

மறுமுனையில் ஒரு முனகல் கேட்டது. "என்ன பண்றது தம்பி. சிநேகிதம்" என்றார் குவால்தியேரோ.

ஒரெஸ்தே போனை வைத்த வேகத்தில் மேசையில் இருந்த சர்க்கரைக் கிண்ணம் உருண்டது. இது காப்பிக் கடை நேவியோவின் வேலைதான் என்று முடிவு செய்தார். அவர் சட்டைப் பையில் மேற்குக் கரை வரைபடம் துருத்திக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருப்பான். நேரே போய், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உன் வாய் ஓட்டையை அடைக்க எத்தனை மூட்டை சிமெண்டு வேணும்?" என்று கேட்டார்.

நேவியோவுக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை தெரியாத மீதி ஊருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வாழ்த்துகள் ஒரெஸ்தே" என்றார் முடிவெட்டுகிறவர், நாற்காலியிலிருந்தே. "இருபத்திரண்டு வருஷம் கழிச்சுக் குடையை விட்டுட்டியாமே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

அதன் பிறகு ஒரெஸ்தே ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே காப்பி குடிக்க ஆரம்பித்தார். அந்தக் காப்பியில் கரி வாசனை அடித்தது. அதற்கும் நேவியோவையே திட்டினார்.

கடைசியில் சட்டம் போடுவது என்று தீர்மானித்தார். ஒரு தாளில் எழுதி லெயார்க்கோ வீட்டு வாசலில் ஒட்டினார். காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாடு கிடையாது. பின்தங்குபவன் பின்தங்கியவனே.

மத்தியானச் சாப்பாடு கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வது, கோயில் மணியை விற்கப் போகிறேன் என்று சொல்வதைப் போல. ஒருத்தனும் தேற மாட்டான் என்று ஒரெஸ்தே மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பத்து நாளில் அவர் சிரித்தது அதுதான்.

மறுநாள் வாண்டா மார்க்கெட்டில் வழிமறித்தாள், ஒரு கையில் முலாம்பழம்.

"சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதே ஒரெஸ்தே. நான் வேன்ல பின்னாடியே வந்துடறேன். மடக்கு மேசை ரெண்டு, நாற்காலி எட்டு, லசான்யா மூணு தட்டு. எங்க பசிக்குதோ அங்க நிறுத்திக்கலாம்."

"வேனா? மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு வேனா?"

"முலாம்பழத்தை மடியில வச்சுக்கிட்டா வர முடியும்?"

"வாண்டா, நான் என் பொண்டாட்டியோட தனியாப் போகணும். தனியா. இந்த வார்த்தை உங்க யாருக்கும் புரியலையா?"

"புரியுது, புரியுது" என்றாள் வாண்டா. அவரைப் பார்க்காமல் பழத்தை முகர்ந்துகொண்டே போய்விட்டாள்.

அன்று மாலை ஒரெஸ்தே இவானாவிடம் பொரிந்து தள்ளினார். "உன் தம்பி அட்டை. அந்தக் குவால்தியேரோ பசை. அவ வேன் கொண்டு வர்றாளாம், வேன். ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"நான் சொன்னா கேக்கற ஜனமா?" என்றாள் இவானா. "முட்டிக்கு மருந்து தடவிட்டீங்களா?"

இனி ஒன்றுதான் மிச்சம். கூட யார் வந்தாலும் ராத்திரி தங்கும் அறையாவது இரண்டு பேருக்கானதாக இருக்கட்டும். ஜெனோவாவில் இவானா பேர் சொன்ன ஒரு விடுதிக்குப் போன் போட்டார்.

"ஒரெஸ்தேன்னா நீங்கதானா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல், மிகவும் பணிவாக. "உங்க பேர் ஏற்கெனவே இருக்கு ஐயா. வாண்டா அம்மா குழு. பெண்கள் அறை ஒண்ணு, ஆண்கள் அறை ஒண்ணு. உங்களுக்கு குவால்தியேரோ ஐயா பக்கத்துக் கட்டில். அவர் குறட்டை விடுவார்னு குறிப்பும் இருக்கு."

ஒரெஸ்தே போனை வைக்கவில்லை. அது தானாகவே கையிலிருந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவால்தியேரோ வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள், பயணத்தைப் பற்றிப் பேச. கொடிப் பந்தலுக்குக் கீழே நீள மேசை. லெயார்க்கோ இரவல் வண்டியின் பிரேக்கைப் பயத்தோடு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். குவால்தியேரோ நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தையின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே சமையலறையில் இவானாவும் வாண்டாவும் பன்றித்தொடை இறைச்சியைச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

ஒரெஸ்தே உட்காரவில்லை. இரண்டு வரைபடங்களையும் சட்டைக்குள்ளிருந்து உருவினார். கிழக்குக் கரையை முதலில் கிழித்தார். பிறகு மேற்குக் கரையை. ஜெனோவா இருந்த துண்டு ஒயின் குவளைக்குள் விழுந்தது.

"பயணம் கிடையாது. யாருக்கும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமா உங்க முதுகுக்கு எண்ணெய் தடவிப் பார்த்தாச்சு, உங்க பேரன் கதை, மூலநோய்க் கதை எல்லாம் கேட்டாச்சு. ஒரே ஒரு கோடை, பதினாலு நாள், நானும் அவளும் மட்டும் இருக்கணும்னு கேட்டேன். அதையும் தின்னு ஏப்பம் விட்டுட்டீங்க. வண்டியை நாளைக்கே விக்கறேன். போங்க, போய் உங்க குடைக்கடியில கிடங்க."

உள்ளே கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

லெயார்க்கோ பிரேக்கை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். வாசலுக்கு வந்த வாண்டா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். குவால்தியேரோ மெல்ல நிமிர்ந்தார். பத்து வயசு குறைந்தது போல முகம் தெளிந்திருந்தது.

"நிஜமாத்தானா தம்பி? நாளைக்குப் பேச்சு மாற மாட்டியே?"

ஒரெஸ்தேவுக்குக் காது சிவந்தது. "என்ன அண்ணே, சந்தோஷமா? கூப்பிடாமலே தொத்திக்கிட்டு என் பயணத்தைக் கெடுத்தது நீங்கதானே?"

"கூப்பிடாமலா?" என்று குவால்தியேரோ ரப்பர் மெத்தையை இடுக்கிக்கொண்டு எழுந்தார். "'இந்த மனுஷன் கோபத்தோட பதினாலு நாள் நான் ஒருத்தியா எப்படி அண்ணே தாங்குவேன்'னு உன் பொண்டாட்டிதான் குடைக்காரங்க வீடு வீடா வந்து கையைப் பிடிச்சா, உன் பக்கத்துல உக்கார ஆளுக்கு ரெண்டு நாள் முறை போட்டுக் குடுத்திருக்கா, எனக்கு விழுந்தது திங்களும் செவ்வாயும்."