சம்பந்தி வீட்டு எண்ணெய்

முதல் ட்ரம்மின் மூடியைத் திறந்தபோது அங்கே இருந்தவர்கள்: முதலாளி, அவர் மனைவி, தம்பி சின்னவர், பரிசோதனைக்கூடத்து அம்மாள், ஆபீசர் என்று எல்லோரும் கூப்பிடும் வாசல் நாய். தாங்களும் பக்கத்தில் நின்றதாகப் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஒரு டஜன் தேறுவார்கள். அவர்களில் ஒருவர்கூட இல்லை.

வளர்ப்பு நாய்களுக்கு ரோமம் உதிராமல் பளபளக்க, தீனியில் கலந்து கொடுக்கும் எண்ணெய் மருந்து அந்தத் தொழிற்சாலையில் தயாரானது. அதற்கு அடிப்படை கடலை எண்ணெய். ட்ரம் வந்ததும் ஒரு கரண்டி ஆபீசருக்கு வைப்பார்கள். அது நக்கிவிட்டால் எண்ணெய் தேறியது. அன்று அது கரண்டியை முகர்ந்தது. முதலாளியை ஒரு பார்வை பார்த்தது. எழுந்துபோய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"காறல் அடிக்குது," என்றார் சின்னவர்.

"மெதுவாப் பேசு. லாரிக்காரர் வெளியிலதான் நிக்கிறார்."

"நாய்க்கே தெரியுது, லாரிக்காரருக்குத் தெரிஞ்சா என்ன?"

அம்மாள் சோதனைக் குப்பியில் சொட்டு சொட்டாக விட்டு எண்ணினாள். "பெராக்ஸைடு அஞ்சுக்குள்ள இருக்கணும் சார். இது பன்னெண்டு. எண்ணெய் கெட ஆரம்பிச்சிருச்சு. இதைக் கலந்தா நாயெல்லாம் வாந்தி எடுக்கும்."

"திருப்பி அனுப்பிடலாம்ணா," என்றார் சின்னவர்.

முதலாளி ட்ரம்மின் மூடியை எடுத்து வைத்து மூடினார். எண்ணெய் வந்தது வெளியார் ஆலையிலிருந்து அல்ல, சம்பந்தியின் ஆலையிலிருந்து. மகளைக் கட்டிக் கொடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது. செல்லமாக, தொழிற்சாலைப் பக்கமே விடாமல் வளர்த்த பெண். சம்பந்தி ஆன பிறகு வெளியே எதற்கு எண்ணெய் வாங்க வேண்டும் என்று இவரே கேட்டு வாங்கிய சரக்கு.

"உங்க எண்ணெய் நாறுதுன்னு நான் இங்கிருந்து சொல்லிடுவேன். அங்க அடுத்த வேளை சாப்பாட்டுக்கு என் பொண்ணு எந்த முகத்தோட உட்காருவா?"

"நாசூக்காச் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

நாசூக்கு அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"சம்பந்தி, எண்ணெய் வந்து சேர்ந்தது. அதுல பாருங்க... ஒரு தனி மணம் இருக்கு."

"அப்படியா சம்பந்தி?"

"இதுவரைக்கும் எந்த ஆலை எண்ணெயிலயும் நான் பார்க்காத மணம்."

"நீங்க சொன்னதே போதும். இனிமே நானே பக்கத்துல நின்னு கவனிச்சு அனுப்புறேன்."

முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "பார்த்தியா? மானஸ்தன். ஜாடையிலேயே புரிஞ்சுக்கிட்டார்."

அடுத்த மாதம் இரண்டு ட்ரம் வந்தது. அம்மாள் எண்ணிக்கொண்டே போனாள். முப்பத்தொன்றில் நிறுத்தினாள்.

"முப்பத்தொண்ணு சார். இது எண்ணெய் இல்ல, வார்னிஷ்."

ஆபீசருக்குக் கரண்டியை நீட்டினார்கள். அது வாசலைத் தாண்டிப் போனது. அப்புறம் அந்தத் தெருவில் அதை யாரும் பார்க்கவில்லை.

"வேணும்னேதான் அனுப்புறார்," என்றார் சின்னவர். "பொண்ணைக் கொடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான்னு இளக்காரம்."

"வாயை மூடு. அவங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல."

ஆனாலும் அந்த இரண்டு ட்ரம்மும் முதல் ட்ரம்மோடு பின்கட்டுக் கிடங்குக்குப் போயின. மருந்துக்கு வேறு ஆலையில் எண்ணெய் வாங்கினார்கள். வேறு ஆலையின் லாரி வாசலில் நின்றால் சம்பந்தியின் காதுக்குப் போய்விடும் என்று எண்ணெயைப் பால் கேன்களில் ஊற்றிப் பால் வண்டியில் வரவழைத்தார் முதலாளி. தினமும் பதினைந்து கேன் உள்ளே போவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் தூக்குச் சட்டியோடு வந்து அரை லிட்டர் கேட்டார். இல்லை என்று சொன்னதில் அந்த வீட்டோடும் பேச்சு நின்றது.

பால் கேனின் மூடி பெயருக்குத்தான். காற்றுப் பட்டுப் பட்டு நல்ல எண்ணெயும் ஐந்தைத் தாண்ட ஆரம்பித்தது. அம்மாள் ஒவ்வொரு கேனாக ஒதுக்கினாள். மருந்து பாதியாகக் குறைந்தது. கேட்டவர்களுக்குத் தேதி சொல்ல முடியவில்லை. கிடங்கின் வாடை கதவு இடுக்கு வழியாகக் கூடத்துக்கு வந்தது. பாட்டிலில் மருந்து அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். நாலு பேர் வேலையை விட்டு நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி நேரிலேயே வந்தார். கூடவே மகளும் வந்தாள். தாய் வீடு வந்த பெண் வாய் ஓயாமல் பேசுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவள் பேசியது கொஞ்சம்தான். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் எப்படி இருக்கு சம்பந்தி? ஒளிக்காமச் சொல்லுங்க," என்றார் சம்பந்தி. கையோடு ஒரு குப்பியும் கொண்டு வந்திருந்தார். "இது இப்ப அனுப்பப் போறது."

குப்பியைத் திறந்ததும் மனைவி அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போனாள். சின்னவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். முதலாளி நகரவில்லை. மகள் எதிரே நிற்கிறாள். அவளுடைய மாமனார் கண் இமைக்காமல் பார்க்கிறார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார். தொண்டை அரம் போட்டதுபோல் எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"எண்ணெய்ன்னா இதுதான் சம்பந்தி," என்றார்.

சம்பந்தி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர்கள் வண்டி தெருவைத் தாண்டும் வரை முதலாளி நிமிர்ந்து நின்று கையசைத்தார். பிறகு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு நாள் வெறும் தண்ணீர்தான் இறங்கியது.

"நம்ம பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா? என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டுப் போனா," என்றாள் மனைவி. "அங்க எண்ணெயை வச்சு அவளை என்ன படுத்துறாங்களோ!"

"அதுக்குத்தான் குடிச்சேன்," என்றார் முதலாளி.

அடுத்த முறை நாலு ட்ரம் வந்தது. அதற்கடுத்தும் நாலு. கிடங்கில் பதினொரு ட்ரம் சேர்ந்தபோது, யாரோ எழுதிப் போட்ட கடிதத்தின் பேரில் ஆய்வாளர் வந்தார். யார் எழுதியது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் அன்று காலையிலிருந்தே மொட்டை மாடியில் நின்றிருந்தார்.

ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ட்ரம்களைச் சுற்றி வந்தார். "பிராணிங்க சாப்பிடுற மருந்து செய்யற இடம் இது. இந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?"

சின்னவர் வாயைத் திறந்தார். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஆலையின் பெயரைச் சொன்னால் ஆய்வாளரின் வண்டி நேரே அங்கேதான் போகும். அங்கே கதவில் சீல் வைப்பார்கள். மகள் அந்த வீட்டுக்குள்தான் இருப்பாள்.

"நல்ல எண்ணெயாத்தான் வந்துச்சு," என்றார் முதலாளி. "மூடி வைக்கத் தெரியாம நான்தான் கெடுத்துட்டேன்."

"பதினொரு ட்ரம்மையுமா?"

"ஆமா."

"இத்தனை வருஷமா இந்தத் தொழில் செய்யறீங்க, எண்ணெயை மூடி வைக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"சார், பொய் சொல்றார்!" என்றாள் பரிசோதனைக்கூடத்து அம்மாள். "இவர் மாதிரி எண்ணெயைப் பாதுகாக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. காத்து புகக் கூடாதுன்னு ட்ரம்மைக் கழுத்து வரைக்கும் நிரப்பச் சொல்வார். வெளிச்சம் படக் கூடாதுன்னு ஜன்னலுக்கே பலகை அடிச்சவர்."

"நீ உள்ள போம்மா," என்றார் முதலாளி. அவர் அவளை அதட்டியது அதுவே முதல் தடவை.

அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. மூன்றாம் நாள் உரிமம் ரத்தானது. வேலைக்கு இருந்த பதினெட்டுப் பேரையும் அவரே வாசல் வரை வந்து, ஒவ்வொருவராகக் கைகூப்பி அனுப்பினார். பெயர்ப் பலகையை வேறு யாரையும் கழற்ற விடவில்லை. ஏணி போட்டு ஏறி ஆணி ஆணியாகப் பிடுங்கிக் கீழே இறக்கி, சுவரோடு திருப்பி வைத்தார்.

"என் பொண்ணு தலை நிமிர்ந்து இருக்கா. அது போதும்," என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

தெரு சும்மா இருக்குமா? பெண் கொடுத்தவன் வாய் பேச மாட்டான் என்று தெரிந்து, விற்காத கெட்ட எண்ணெயை எல்லாம் சம்பந்தி அவர் தலையில் கட்டி ஆளையே முடித்துவிட்டார் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. முதலில் பேசியது சின்னவர்தான் என்றும் சொல்கிறார்கள். அவர் மறுக்கவில்லை.

ட்ரம்களைத் திரும்ப எடுத்துப்போக லாரிக்காரர் வந்தார். எப்போதும் வருகிற அதே ஆள்தான். பூட்டிய கதவையும் சுவரைப் பார்த்திருந்த பலகையையும் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"ஏன்யா, வித்துப் போகாத கெட்ட எண்ணெயைக் கொட்ட உங்க முதலாளிக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று பாய்ந்தார் சின்னவர். "ஊரே சிரிக்குது!"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "தம்பி, போதும்."

"இல்லீங்க ஐயா, அவர் கேட்டதுக்குச் சொல்லிடறேன்," என்றார் லாரிக்காரர். "ஊர் பேசறது பொய்யிங்க. எங்க ஆலையில கெட்ட எண்ணெய்ங்கறதே கிடையாது. மொத ட்ரம் மூடி சரியா இறுகாம வந்திருச்சு, அவ்வளவுதான். அதைப் போய் நீங்க அப்படிப் புகழ்ந்ததும் எங்க முதலாளிக்கே சந்தேகம். 'காறிப்போன எண்ணெயையா உங்கப்பா நல்லாருக்குங்கறார்?'னு உங்க பொண்ணுகிட்டயே கேட்டார். 'எங்கப்பா வாயில பொய் வராது மாமா'ன்னுச்சு. அதுக்கப்புறந்தாங்க, நல்ல எண்ணெயா எடுத்து மூடியைக் கழட்டி, ட்ரம்முக்கு இருபது நாள் வெயில்ல வச்சோம்."