பதினேழு சதவீதத்துக்கு உட்பட்ட கண்ணீர்

வளைகுடாவில் ஏவுகணைகள் விழுந்து, பிழைக்கப் போன குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கோடையில், குடவாசலை அடுத்த ஆலங்கரையில் ‘போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அவசர உளவியல் ஆதரவு மையம்’ திறக்கப்பட்டது. நெல் கொள்முதல் நிலையத்தில்தான் திறந்தார்கள். கோடையில் நெல் வரத்து இல்லை. கட்டடம் சும்மா இருந்தது. பட்டியல் எழுத்தர் இளவழகனும் சும்மா இருந்தார். விஷயம் அவசரம் என்பதால் இரண்டையும் சேர்த்து ஆணை வந்தது.

இளவழகனுக்கு அரை நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றுவதில் பாதி நேரம் போயிற்று. மீதியில், குழந்தையின் மனதை அன்போடு அளவிட வேண்டும் என்றார்கள். அன்பு எப்படி என்று விளக்குவதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. நெல்லின் ஈரம் பார்த்துப் பழகியவர் என்பதால், அளவிடுவது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் வந்தவர் ஹமீதா பானு. கணவர் வளைகுடாவிலேயே ஒரு கடையில் இருக்க, ஏழு வயது மகள் பர்வினோடு ஊர் வந்து சேர்ந்தவர். மிக்ஸி ஓடினால்கூட அந்தப் பிள்ளை நடுங்கிப்போய் கட்டிலுக்கடியில் பதுங்கியது. பள்ளியில் சேர்க்கப் போனால், மையத்தின் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சுற்றறிக்கை இருப்பதாகத் தலைமையாசிரியர் இராஜாங்கம் கையை விரித்தார். எந்த மாதிரிச் சான்றிதழ் என்று சுற்றறிக்கையில் இல்லை. பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது.

இளவழகன் டோக்கன் கொடுத்தார். வேறு ஆளே இல்லை. இருந்தும் மூன்றாம் நாளுக்குத்தான் கொடுத்தார். வந்தவுடன் பார்த்தால் ஊர் தப்பாகப் பேசும்.

மூன்றாம் நாள் பர்வின் உள்ளே வந்த நேரம், யாரோ எடைத்தராசை இழுத்துப் போட்டார்கள். பிள்ளை அழத் தொடங்கியது. இளவழகன் குனிந்து அவள் கன்னத்தைக் கவனமாகப் பார்த்தார்.

“ஈரம் அதிகமா இருக்கேம்மா. பதினேழு சதவீதத்துக்கு மேல இருந்தா எடுத்துக்க முடியாது. காய வெச்சுக் கூட்டிட்டு வாங்க.”

“பயந்துபோன புள்ள சார். அழத்தானே செய்யும்?”

“அழ வேணாம்னு நான் சொல்லலையே. அழுது முடிச்சிட்டு வரச் சொல்றேன். ஈரத்தோட எடுத்து மேல அனுப்பி, அங்க முளைவிட்டுச்சுன்னா என் தலையிலதான் விடியும்.”

ஹமீதா பானு நாலு நாள் மிக்ஸியைத் தொடவில்லை. குக்கரை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டார். வாய் ஓயாமல் கதை சொல்லி, பிள்ளையைக் கண் காயவைத்து அழைத்துவந்தார். இளவழகன் சுற்றி வந்து பார்த்தார்.

“நல்ல சரக்கும்மா. பதர் இல்ல, கருக்காய் இல்ல. இதுல பாதிப்பு எங்க இருக்கு?”

“அழுதா ஈரம்ங்கிறீங்க. அழலன்னா பாதிப்பு இல்லங்கிறீங்க. பின்ன எப்பதான் சார் வரணும்?”

“ரெண்டுக்கும் நடுவுல வரணும்மா” என்று சொல்லிவிட்டு, ‘பாதிப்பு இல்லை, முதல் தரம்’ என்று எழுதி முத்திரை குத்தினார். அந்தத் தாளைப் பார்த்த இராஜாங்கம், ‘இல்லை’ என்று எழுதிய சான்றிதழ் செல்லுமா என மேலிடத்தைக் கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதற்கிடையே, போர்ப் பாதிப்புச் சான்றிதழ் இருந்தால் மருத்துவக் கல்லூரியில் முன்னுரிமை உண்டு என்று ஒரு செய்தி பரவியது. பரப்பியவர் யார் என்று தெரியவில்லை. நம்பாதவர் யாரும் இல்லை. மறுநாள் காலை டோக்கன் வரிசை வாய்க்கால் மதகுவரை நின்றது. நெல்லுக்குக் கேட்பதுபோலவே, போருக்கு ஆதாரமாகவும் விளைச்சல் கணக்கான அடங்கல் வேண்டும் என்றார் இளவழகன். இன்ன சர்வே எண்ணில், இத்தனை மாவில், நடப்புப் பசலியில் போர் விளைந்திருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து எழுதி வாங்கி வந்தார்கள். பெரும்பாலும் அது பங்காளிகளின் வரப்புத் தகராறு. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி, லோடு வேனில் பிள்ளைகளை ஏற்றிவந்து இறக்கினார். வெளி மாவட்டச் சரக்கு என்று உள்ளூர்க்காரர்கள் மறியல் செய்தார்கள்.

கல்யாண வீடுகளில் பேச்சே மாறிப்போனது. வேம்பு என்கிற விவசாயி தன் மகனுக்குப் பதினாறரை வந்திருப்பதாகப் பந்தியில் அறிவித்தார். எதிர் இலைக்காரர், தன் மகளுக்கு அழுகைக்கு ஸ்பெஷல் கோச்சிங் வைத்திருப்பதாகவும், பதினேழைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளக் கற்றுவிட்டதாகவும் சொன்னார்.

பள்ளி திறந்தபோது நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளும் சான்றிதழ் பெற்ற பாதிப்பாளர்கள். அன்றே அடுத்த சுற்றறிக்கை வந்தது: பாதிக்கப்பட்டோர் பயிலும் இடத்தில் பாதிக்கப்படாத குழந்தை ஒன்றேனும் முன்மாதிரியாக இருத்தல் அவசியம். இராஜாங்கம் ஹமீதா பானு வீட்டுக்கு ஓடினார்.

“இந்த ஊர்லயே உங்க பொண்ணு ஒருத்திதாம்மா நல்லாருக்கு. கையோட அனுப்பி வைங்க.”

பர்வினுக்கு இடம் கிடைத்தது. முன்வரிசையில், ‘முன்மாதிரி’ என்ற அட்டையோடு.

அடுத்த வாரம் மேலிடத்து அதிகாரி ஷோபனா ஆய்வுக்கு வந்தார். பெற்றோர் வாசலில் கூடியிருந்தார்கள். அவர் முதல் கேள்வி கேட்கும்போதே தெருவில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பள்ளிக்கு நேர் எதிரே வேட்டுப் போட்டார்கள். நூற்றுப்பன்னிரண்டு பேரும் சன்னலுக்குப் பாய்ந்தார்கள். சிலர் வெடிக்காத வெடி பொறுக்கத் தெருவுக்கே ஓடினார்கள். பர்வின் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போனாள்.

ஷோபனா நடந்ததைக் குறித்துக்கொண்டு, வாசலுக்கு வந்து உரக்கப் படித்தார்:

“பாதிக்கப்பட்ட குழந்தைகள் அனைவரும் முழுமையாகக் குணமடைந்துவிட்டனர். திட்டம் மகத்தான வெற்றி என்பதால் மையம் இன்றோடு மூடப்படுகிறது. பாதிக்கப்படாத குழந்தை மட்டும் வகுப்பில் ஒழுங்காக உட்காருவதில்லை. தாயாரை அழைத்துக் கண்டிக்கவும்.”

ஊரே கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குப் பர்வின் பெஞ்சுக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தாள்.