எவர்சில்வர் ஆகாத மனுசன்

அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் சல்லடை போட்டுச் சலிச்சாலும் எங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு கூறுகெட்ட ஆளு சிக்கமாட்டாரு. பாளையம்பட்டி பூராவும் அவுகளுக்குப் பேரு 'பாதாமு'. காச்சல்னு படுத்தாக, போன மாசம் போய்ச் சேந்துட்டாக. செத்தவுகளத் திட்டக்கூடாதும்பாக. உசுரோட இருக்கயில திட்டுனதே இன்னும் முடியல எனக்கு.

டவுனு காலேசு லேபுல குப்பி கழுவுற வேலை அவுகளுக்கு. அங்க ஆல்டிஹைடுன்னு ஒரு தைலம், பாதாம்பருப்பு வாசம் வரும். அத ஆல்கஹாலா மாத்துனா பத்தி, சென்ட்டு போடுறவுக வாங்குவாகளாம். சாருமாரு ஏதோ மெட்டல் பொடி போட்டு மாத்துவாக. ஒரு சாரு மட்டும், "மெட்டலே தேவையில்ல, ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் வெல்லமும் போதும்"னு சொல்லியிருக்காரு. இவுக அந்தத் தைலத்துல கொஞ்சம் வாங்கியாந்து, வீட்டுக்குப் பின்னால கொட்டகையில தானே மாத்தி விக்கப்போறேன்னு, அத விரதமாவே எடுத்துக்கிட்டாக.

"இனிமே கொட்டகைக்குள்ள மெட்டலே வரக்கூடாது, பாத்துக்க."

அலுமினியச் சட்டி வெளிய போச்சு. கரண்டி போச்சு, சிரட்டை அகப்பை வந்துச்சு. கதவுல இருந்த ஆணியெல்லாம் புடுங்குனாக, கதவு அவுக மேலயே விழுந்துச்சு. குடிக்கிற சரக்குன்னு நினைச்சு ரெண்டு பேரு டம்ளரோட வந்தாக. எவர்சில்வர் டம்ளருன்னு வெரட்டிவிட்டாக.

அப்புறந்தான் தண்ணி. அடிபம்புத் தண்ணி துருவாம். மழைத்தண்ணிதான் வேணுமாம். எங்க ஊர்ல மழைக்குக் காத்துக்கெடக்குற மனுசனப் பொண்டாட்டி என்னன்னு சொல்றது.

ஒருநா ஊத்துச்சு. ஊரே வெதைப்பெட்டியோட காட்டுக்கு ஓடுது. இவுக மண்பானைய நடுத்தெருவுல வச்சுக்கிட்டு நிக்கிறாக. தகரத்துல விழுந்து வடியிற தண்ணி ஆகாதாம்.

எதுத்த வீட்டு அண்ணன் கேட்டாரு: "ஏலே பாதாமு, வெதைக்கப் போகலையா?"

"அடுத்த மழைக்கு வெதைச்சுக்கிறேண்ணே."

"அடுத்த மழைக்கு உன் பேரன்தாம்லே வெதைப்பான்."

நான் பையக் கட்டிட்டேன். "இந்தப் பானை வெளங்கலன்னா திருச்சுழி பஸ்ஸு ஏறிருவேன். எங்க அம்மா வீட்டுல எனக்குச் சோறு இருக்கு."

"இரு. கிண்டுறதுக்கு ஆளு வேணும்"னாக.

ஒருத்தரு கிண்டணும், ஒருத்தரு தைலத்தச் சொட்டுச்சொட்டா விடணும். மொத்தமா ஊத்துனா ஈஸ்ட்டு செத்துருமாம். மெட்டியக் கழட்டுனேன். அடுத்தது என் கழுத்தப் பாத்தாக.

"தாலியில கைய வச்சீக, ஒடிச்சுப்புடுவேன்."

வெளிய போனாக. வரயில கையில மஞ்சக்கயிறும் மஞ்சக்கெழங்குத் துண்டும். தங்கத்த அடகு வச்ச வீட்டுப் பொம்பளைக எங்க பக்கம் மஞ்சத்துண்டத்தான கட்டிக்கிருவாக. அதக் கட்டிவிட்டுட்டுத்தான் பழச அவுத்தாக. மேளம் கெடையாது, ஈஸ்ட்டு நுரைச்சு பொஸ்ஸு பொஸ்ஸுங்குது. ரெண்டாங் கல்யாணமும் அதே ஆளோட. எம்புட்டு அதிர்ஷ்டம் பாருங்க.

கிண்டக் கிண்ட பாதாம் வாசம் கொறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில காணவே காணோம். லேசா பூ மாதிரி ஒரு வாசம். மாறிருச்சுன்னு குதிச்சாக. ஒரு குப்பிய எடுத்துக்கிட்டு அந்தச் சாருகிட்ட ஓடுனாக. திரும்பி வரயில மூஞ்சி தொங்கிப்போச்சு.

"மாறலையா?"

"மாறிருச்சாம். நல்லாவே மாறிருச்சாம்."

"அப்புறமென்ன?"

"எவர்சில்வர் சட்டியிலயே செஞ்சிருக்கலாமாம். மெட்டல் தேவையில்லன்னுதான் சொன்னாராம். கிட்டவே வரக்கூடாதுன்னு சொல்லலையாம். லேபே சிரிக்குது."

எனக்கு வயிறு வலிக்கிற மட்டும் சிரிப்பு. "அப்ப என் தாலிய மாத்துனது?"

"அதுவும் தேவையில்லதான்"னாக தலையக் குனிஞ்சுக்கிட்டு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போறதுன்னா போ, நான் ஒண்ணும் சொல்லல."

"துணி ஊறப்போட்டுருக்கேன். நாளைக்குப் போறேன்"னேன்.

இப்ப எங்க அம்மா ஆளு மேல ஆளு விடுது, அந்த வீட்டுல இன்னும் என்ன இருக்கு, கெளம்பி வான்னு. எல்லாருகிட்டயும் நாளைக்கு வாரேன்னுதான் சொல்லி அனுப்புறேன்.