மன்னார்த் தொகுதியில் விழுந்த ஒரு வாக்கு

அன்புள்ள சிங்கராசா பெரியப்பாவுக்கு,

நாங்கள் நலம். பெரியம்மா நலம் என்று சொல்கிறார். சந்தியில் படுத்திருக்கும் கழுதைகளும் நலம். கனடாவில் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

மன்னார்த் தொகுதியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்பத்தொன்பதில் அது வன்னிக்குள் கரைந்தது. கரைந்ததை இன்ஸாப் நானாவுக்கு யாரும் சொல்லவில்லை. எழுபத்தேழில் நீங்கள் சுயேச்சையாக நின்றபோது சாவடியில் உங்கள் ஏஜென்றாக இருந்தவர். தொண்ணூறில் தாராபுரத்து முஸ்லிம்களை இயக்கம் வெளியேறச் சொன்ன நாளில் அவர் எடுத்துப்போனது வாக்காளர் பெயர் இடாப்பு. திரும்பி வந்ததும் அதோடுதான். இன்றும் ஒவ்வொரு தேர்தலன்றும் வாசலில் கதிரை போட்டு, சாவடியில் கூப்பிட்டதுபோல அந்தப் பெயர்களைக் கூப்பிடுகிறார். இம்முறை நானும் போயிருந்தேன்.

"கூப்பிடாட்டிக் கோவிப்பினம் மகள்."

யார் என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு விழுந்தது ஒரே ஒரு வாக்கு. "நீங்கள் போடேல்லையா நானா?"

"நான் ஏஜென்ற்தானே மகள். வாக்கு வேற விசயம்."

அந்த ஒன்று நீங்களே போட்டது, பெரியம்மா போடவில்லை என்று நாற்பத்தெட்டு வருடமாக அவரோடு பேசாமலிருக்கிறீர்கள். தனியாகக் கனடாவும் போனீர்கள். இடாப்பில், வந்து வாக்களித்தவர்களின் பெயரில் சிவப்புக் கோடு. உங்கள் பெயரில் கோடு இல்லை.

"வெளியில நிண்டு வாறவையெல்லாரையும் கும்பிட்டதில தன்ர வாக்கை மறந்திட்டார்" என்றார் நானா.

அருள்நாயகி என்ற பெரியம்மாவின் பெயரில் கோடு இருக்கிறது. "கடைசியா வந்தவ. ஜூலை வெயில், தலையெல்லாம் ஈரம். சிங்கராசாவுக்குத்தான் எண்டு என்ர காதுக்குள்ள சொன்னவ."

அந்தப் பெயரைக் கூப்பிட்டும் காட்டினார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் "ஓம்" என்றார். நானாவின் மனைவி என்று நினைத்துத் தேத்தண்ணிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

பெரியப்பா, வெள்ளிக்கிழமை பெரியம்மாவுக்கு இருதய ஒப்பரேசன். தலைமாட்டில் போனை வைத்திருக்கிறார். யாருக்காக என்று சொல்லமாட்டார். அதற்கு முதல் அவருக்குப் போன் எடுத்துப் பேசுங்கள். ஒரு மன்னிப்புப் போதும்.

மடுமாதாவின் காவலும் எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசமும் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் பெறாமகள்,
நிறஞ்சலா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "நானோ? அண்டைக்கு நான் மடுக் கோயில்ல எல்லோ. இந்த மனுசன் தோக்கவேணும் எண்டு நேர்ந்து முழங்காலில நிண்டனான்." இன்ஸாப் நானாவின் மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்தே இருபது வருடமாம். அந்த வீட்டில் வேறு யாருமில்லை. எதற்கும் வியாழனுக்குள் போன் எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாராவது ஓம் என்பார்கள்.